ஊக்குக்கார அண்ணி

என் அண்ணி பேசும்போது அவள் வாயில் ஐந்து ஊக்குகள் இருக்கும். அதனால் அவள் பேசுவதைப் பேச்சு என்று சொல்வதற்கே கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். 'ம்' என்றால் திரும்பு. 'ம்ம்' என்றால் வயிற்றை உள்ளே இழு. 'ம்ம்ம்' என்று நீட்டி முழக்கினால், மூச்சு விடாதே, விட்டால் குத்திவிடும், அப்புறம் என்னைச் சொல்லாதே என்று அர்த்தம். மணப்பெண்களுக்கு இந்த மொழி ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாதவர்களுக்கு ஊக்கே புரியவைக்கும்.

கல்யாணப் பெண்களுக்குப் பட்டுப்புடவை கட்டிவிடுவது அவள் தொழில். ஊக்குக்காரம்மா என்றால்தான் வெளியே தெரியும். அவளுடைய சொந்தப் பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

நான் அவளுக்கு நாத்தனார், அவள் புருஷனின் தங்கை. நாத்தனார் சொல்கிற கதையில் உப்பும் காரமும் ஒரு கை கூடத்தான் விழும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஆறு கஜப் பட்டை ஒரு ஆளால் மடிக்க முடியாது. ஒரு முனையில் அவள் நின்றால் மறுமுனையில் இருபத்து மூன்று வருஷமாக நிற்பது நான்தான்.

இந்தத் தொழில் அவளுக்கு வந்த விதத்தைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவள் கல்யாணத்தில் அவளுக்குப் புடவை கட்டிவிட்டது நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாத வயசு. கனத்த சரிகைப் பட்டு. கொசுவத்தை எப்படியோ பிடித்துச் செருகி, தட்டிக்கொடுத்து, ஒரு ஊக்குகூடக் குத்தாமல் அனுப்பிவிட்டேன். மேடை ஏறி இரண்டாவது நிமிஷம் கொசுவம் வழுக்க ஆரம்பித்தது. கல்யாணம் முடிகிறவரை இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் வயிற்று வலிக்காரி மாதிரி இருப்பாள். பக்கத்தில் என் அண்ணன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்பார்.

"இனிமே எந்தப் பொண்ணுக்கும் இந்தக் கதி வரக்கூடாதுன்னுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள்.

புடவை முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். முன்னறையில் கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது, விருந்தாளி வந்தால் சுவரோரமாக நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். தரையில் பழைய போர்வை விரித்து, அதன் மேல் புடவையை விரிப்போம். என் அண்ணன் மின்விசிறி ரிப்பேர் பார்க்கிறவர். ஊரில் நின்றுபோன விசிறியெல்லாம் அவர் கை பட்டுச் சுற்றும். சொந்த வீட்டில் மட்டும் சுற்றக்கூடாது, கொசுவம் பறக்கும். அவர் வாசல்படியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டே யாருடைய விசிறிக்கோ கம்பி சுற்றிக்கொண்டிருப்பார்.

கொசுவம் நாலு விரல் அகலம். அண்ணியின் நாலு விரல். என் விரல் கொஞ்சம் தடிமன், அதைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். ஒவ்வொரு மடிப்பாக அடுக்கி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, பருத்தித் துணியை மேலே போட்டு இஸ்திரி போடுவாள். சரிகை மேல் பெட்டி நேராகப் பட்டால் கறுத்துவிடும். புதுப் பட்டு சொல்பேச்சு கேட்காது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். "மொதல் நாள் மருமக மாதிரி வெறப்பா இருக்கு" என்பாள். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொல்லுவாள், நான் யார் வீட்டுக்கும் மருமகளாகப் போகாதவள் என்பதை மறந்துபோய்.

மறுநாள் மண்டபத்தில், மணப்பெண்ணிடம் மூன்று கேள்வி. "சாப்பிட்டியா? பாத்ரூம் போயிட்டு வந்தியா? செருப்பு போட்டுக்கிட்டியா?" இந்த வரிசை மாறாது. செருப்பின் உயரம் தெரியாமல் புடவையின் உயரம் தெரியாது. புடவை கட்டின பிறகு பசியும் கூடாது, மற்றதும் கூடாது. அப்புறம் ஊக்குகளை வாயில் அடுக்கிக்கொண்டு மண்டிபோட்டு உட்காருவாள். சரிகையில் ஊக்கு குத்தமாட்டாள், இழை இழுத்துக்கொள்ளும். பட்டில் குத்தும்போதும் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்துவாள். பாதி வேலை கண்ணால் பார்க்காமல் விரலாலேயே நடக்கும். அதற்காகவே வேலைக்கு எப்போதும் பழைய பருத்திப் புடவையில்தான் போவாள். விரலுக்குச் சொரசொரவென்று பட்டால் தன்னுடையது, வழுவழுவென்று பட்டால் பெண்ணுடையது.

நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடியும். பெண்ணை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது நாங்கள் பின்வாசலில் பையோடு நிற்போம். விடுமுறை நாள் என்றால் இரண்டு கல்யாணம், சில நாள் மூன்று. இதுவரை அறுநூறு பெண்களுக்காவது கட்டியிருப்பாள். அறுநூறில் ஒரு கல்யாணத்தைக்கூட அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இப்போது பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு ஒரே மகள். வயசு இருபத்தேழு, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழு மணியிலிருந்து ஜனங்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். அம்மாவுக்கு ஊக்கு, மகளுக்கு ஊசி, குத்துவது அந்த வீட்டுப் பரம்பரைச் சொத்து. அதோடு பாப்பா வாயாலும் குத்துவாள். அது எங்கள் பக்கத்து ரத்தம்.

அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஆடினாள். அண்ணி போனாள். போனவள் நேராக மேடைக்குப் பின்னால் போய், ஆடப்போகிற முப்பது பிள்ளைகளுக்கும் பாவாடை, தாவணி என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஊக்கு குத்தினாள். ஆசிரியைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் மேடை ஏறினதும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடினாள். ராத்திரி சாப்பிடும்போது பாப்பா, "அம்மா, என் டான்ஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "எதுவும் அவுந்து விழல இல்ல?" என்று அண்ணி திருப்பிக் கேட்டாள். விழவில்லை என்று பாப்பா சொன்னாள். "அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அண்ணி. நான் சிரித்தேன். பாப்பா சிரிக்கவில்லை, அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாசம் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் யாருடைய புடவையையோ ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பாப்பா வேலையிலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, எனக்குப் புடவை கட்டிவிட வேற ஆள்கிட்ட சொல்லிட்டேன்."

அண்ணி வாயிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஐந்தும் வெளியே வந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"யாருகிட்ட?"

"அந்த செல்ஃபோன் பொண்ணு."

செல்ஃபோன் பொண்ணு எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவள். இருபத்திரண்டு வயசு. செல்ஃபோனில் வீடியோ பார்த்தே புடவை கட்டக் கற்றுக்கொண்டவள். கட்டின கையோடு அதையும் வீடியோ எடுத்துப் போடுவாள். அண்ணியின் நாக்கில் அவள் பேர் வந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும்.

"அடிமடியிலயே கை வெக்கிறியேடி!" என்றாள் அண்ணி. "ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் நான் கட்டுவேன், நான் பெத்தவளுக்கு அவ கட்டுவாளா? நாலு பேர் என்ன கேப்பாங்க?"

"நீ கட்டுவம்மா. நல்லாத்தான் கட்டுவ. கட்டிட்டு மேடைக்குப் பின்னாடியே நிப்ப. இங்க இழுப்ப, அங்க செருகுவ. அப்புறம் மாப்பிள்ளையோட சித்திக்கு முந்தானை நழுவுதுன்னு அவங்க பின்னாடி போயிடுவ. நான் மேடையிலேர்ந்து தேடினா நீ இருக்கமாட்ட."

"அப்படியெல்லாம் போவேனா?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் புடவையைப் பார்த்தேன்.

"எனக்குப் புடவை கட்ட ஆள் கிடைக்கும்" என்றாள் பாப்பா. "அம்மாவா உக்கார யாரை வரச்சொல்றது? இந்த ஒரு நாள் நீ உக்காந்து என்னைப் பாரு. இதுவும் முடியலைன்னா சொல்லிடு, இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

மிரட்டுகிற குரல் இல்லை அது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரல். என் பிடி தளர்ந்து புடவையின் முனை தரையில் விழுந்தது. அண்ணி அதற்குக்கூட என்னைத் திட்டவில்லை. உள்ளங்கையில் இருந்த ஊக்குகளை எண்ணிப் பார்த்தாள்.

"அவ கொசுவத்துக்கு நாலு விரல் வெப்பாளா, அஞ்சு விரலா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.

சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பாப்பா நிபந்தனை போட்டாள். கல்யாணப் புடவையைத் தொடக்கூடாது, மண்டபத்துக்கு ஊக்கு கொண்டுவரக்கூடாது, முதல் வரிசையில் உட்கார்ந்தால் கடைசிவரை எழுந்திருக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அண்ணி "சரி" என்றாள். மூன்றாவது சரி வருவதற்குக் கொஞ்ச நேரமானது.

புடவை வாங்கி வந்த அன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கண் போதாது. அரக்குச் சிவப்பு உடல், கரும்பச்சைக் கரை, உடல் முழுக்கக் கட்டைவிரல் நக அளவில் சரிகைப் பூக்கள், முந்தானையில் துணியே தெரியாத அளவுக்குச் சரிகை. கையில் வாங்கினால் ஆறு மாசக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அண்ணி பால் சட்டியைச் சுற்றுகிற பூனை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "முந்தானை கனம் ஜாஸ்தி. பின்னாடி இழுக்கும்" என்றாள். பாப்பா பார்த்த பார்வையில் நிமிர்ந்துகொண்டாள்.

மடித்துக்கொண்டு வருவதற்காகப் புடவையை எடுத்துப் போக அந்த செல்ஃபோன் பொண்ணு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அம்மா, உங்க பொண்ணுக்கு நான் கட்டறதை நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள் அண்ணியிடம்.

"எனக்கு மட்டும் வருதா?" என்றாள் அண்ணி.

பாப்பா தன் சம்பளத்தில் அம்மாவுக்கும் ஒரு பட்டு எடுத்திருந்தாள். ஊதா நிறம், மெல்லிய சரிகைக் கரை. "அன்னிக்காவது அந்தப் பருத்திப் புடவையில வராதம்மா, மண்டபத்துல வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சு யாராவது கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள். அண்ணி அதைத் தடவிப் பார்த்து, "வழுக்குமே" என்றாள். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் கட்டுகிற முதல் பட்டு அது.

கல்யாணத்தன்று காலையில் கிளம்புவதற்கு முன் நானும் பாப்பாவும் சேர்ந்து அவளைச் சோதனை போட்டோம். கைப்பையில் பதினேழு ஊக்குகள். கண்ணாடிக் கூட்டில் நாலு. கொண்டைக்குள் இரண்டு. கைக்குட்டையின் மடிப்பில் வரிசையாக ஆறு. மருந்துச் சீட்டைப் பிடித்திருந்த ஒன்று. "அது டாக்டர் குத்தினது!" என்று அண்ணி சண்டைக்கு வந்தாள். அதையும் வாங்கிவைத்தோம். கடைசியில் அவளுடைய முந்தானையைத் தோளில் பிடித்திருந்த ஒரே ஒரு ஊக்கு மட்டும் மிச்சம்.

"இது இருக்கட்டும். இதையும் எடுத்தா உன் முந்தானை நிக்காது" என்றாள் பாப்பா.

தாராள மனசு எங்கள் குடும்பத்துக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை.

மேடையிலேயே கையெழுத்துப் போடுகிற பதிவுக் கல்யாணம். மண்டபத்தில் முதல் வரிசையில் அண்ணியை உட்காரவைத்தோம். பக்கத்தில் அண்ணன், பின்வரிசையில் நான், எழுந்தால் பிடித்து அமுக்குவதற்கு வசதியாக. இடது பக்கம் ஒரு அறை, அதற்குள் பாப்பாவும் செல்ஃபோன் பொண்ணும். கதவு சாத்தியிருந்தது. அண்ணி அந்தக் கதவையே பார்த்தாள்.

"ஒரு மணி நேரமாச்சு" என்றாள் என் பக்கம் திரும்பி. "என்ன புடவை கட்டறாளா, வீடு கட்டறாளா?"

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மடித்த கை மட்டும் சும்மா இருக்குமா? அண்ணனின் கைக்குட்டையை வாங்கி மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். வியர்வை துடைக்க அவர் கேட்டபோது இஸ்திரி போட்ட கொசுவம் மாதிரி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கலைக்க மனசு வராமல் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. பாப்பா வந்தாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் நாத்தனார், எதையும் லேசில் மெச்சமாட்டேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சிவப்பில் பாப்பாவைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். அவள் கண் பாப்பாவின் பாதத்தில் ஆரம்பித்து, கொசுவத்தில் ஏறி, இடுப்பில் நின்று, தோளுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் கொசுவத்துக்கு இறங்கியது.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று காதில் கேட்டேன்.

"கெட்டுப்போகல" என்றாள். அவள் பாஷையில் அது பதக்கம் கொடுப்பது. அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற செல்ஃபோன் பொண்ணுக்கு இது கேட்டிருந்தால் அங்கேயே விழுந்து கும்பிட்டிருப்பாள்.

பாப்பா எங்களைத் தாண்டி மேடைப் படியை நோக்கி நடந்தாள். அப்போதுதான் முதுகுப் பக்கம் தெரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"தோள் ஊக்கு ஒரு அங்குலம் தள்ளிக் குத்தியிருக்கா. சரிகை கனத்துல முந்தானை பின்னாடி சரியுது பாரு. மேல போய்க் கையெழுத்துப் போடக் குனிவா. குனிஞ்சா மொத்தமும் அவுந்து முன்னாடி கொட்டும்."

"கொட்டாது. நீங்க உக்காருங்க."

"இருபத்து மூணு வருஷம், எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது உண்மைதான். எனக்கும் தெரிந்தது. நான் எழுந்து செல்ஃபோன் பொண்ணுக்குச் சைகை காட்ட நினைத்தேன். அதற்குள் பாப்பா ஒரு காரியம் செய்தாள். படியில் கால் வைக்கப் போனவள் நின்றாள், திரும்பினாள், நேராக அம்மாவிடம் வந்தாள். அம்மா சொன்ன சொல் தவறாமல் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது போலிருக்கிறது. இரண்டு கையாலும் அம்மாவைச் சேர்த்துப் பிடித்து எழுப்பிக் கட்டிக்கொண்டாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் துடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நான் பின்னால் இருந்தேன், எனக்கு அண்ணியின் கை தெரிந்தது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த வலது கை மெல்ல இறங்கித் தன் தோளுக்கு வந்தது. தன் முந்தானையைப் பிடித்திருந்த அந்த ஒரே ஊக்கைக் கழற்றியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பாப்பாவின் முதுகுப் பக்கம் போனது. சரிந்த மடிப்பை எடுத்தது, சேர்த்தது, குத்தியது. நாலு விநாடிகூட ஆகியிருக்காது. உலகத்தில் இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது.

பாப்பா கையை எடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பி ஒரு அடி வைத்தாள். அண்ணியும் ஒரு அடி வைத்தாள்.

அண்ணியின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆனது. நடந்தது இதுதான். ஊக்கைக் கழற்றின உடனே அவளுடைய ஊதா முந்தானை தோளைவிட்டு வழுக்கி, ஊக்கை எடுத்த கையோடேயே போய், விரலுக்கடியில் வந்து விழுந்திருக்கிறது. விரல் தேடினது சொரசொரப்பை. அன்றைக்கு அவள் மேல் சொரசொரப்பே கிடையாது, இரண்டும் பட்டு, இரண்டும் வழுவழு. அம்மா முந்தானையையும் மகள் முந்தானையையும் சேர்த்து ஒரே ஊக்கில் குத்திவிட்டாள்.

இழுத்தால் மகளின் புதுப் பட்டு கிழியும். அந்த ஒரு பயம் போதும் அண்ணிக்கு. சாமானியப்பட்டவள் என்றால் "இரு, இரு" என்று கத்தியிருப்பாள். இவளுக்கு வாய் வரவில்லை, நிபந்தனையை மீறினது தெரிந்துபோகுமே. மகள் ஒரு அடி வைக்கத் தானும் ஒரு அடி வைத்துக்கொண்டு படியேறினாள்.

"நீ எங்க போற?" என்றார் அண்ணன்.

"பேசாம இருங்க" என்றாள் அண்ணி, உதட்டை அசைக்காமல்.

மேடையில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பதிவுப் புத்தகத்தோடு ஒரு அதிகாரி. பாப்பாவுக்கு அரை அடி பின்னால், வால் மாதிரி அண்ணி. படம் எடுக்கிறவர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"தள்ள முடியாதுப்பா."

"பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் ஒரு படம்மா."

"முடியாதுன்னா விடேன்!"

அப்போதுதான் பாப்பா திரும்பினாள். முகத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் தோளைப் பார்த்தாள், வெறுந்தோள். முந்தானை எங்கே போகிறது என்று பார்த்தாள், அது தன் முதுகுக்கு வந்தது. நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வேறு நாளாக இருந்தால் வெடித்திருப்பாள். கேட்டது ஒரே ஒரு நாள், அதிலும் ஊக்கோடு வந்து நிற்கிறாளே என்று எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பாப்பா அம்மாவின் முழியைப் பார்த்தாள். அம்மா அந்த அளவுக்கு முழித்து அவள் பார்த்ததே இல்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை என்ன என்று கேட்க, அவர் காதில் சொன்னாள். அவரும் சிரித்தார்.

அதிகாரி புத்தகத்தை நகர்த்திப் பேனாவைக் கொடுத்தார். பாப்பா குனிந்தாள். ஊக்கு பிடித்துக்கொண்டது, முந்தானை ஒரு நூல்கூட நகரவில்லை. நகர்ந்தது அண்ணிதான். மகள் குனிய அவளும் குனிய, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அம்மாவும் சேர்ந்து கல்யாணப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை போட்டார். அதிகாரி தலையாட்டினார். மண்டபம் கைதட்டியது.

அண்ணி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். முன்னூறு பேர். தன் கல்யாணத்துக்கு அப்புறம் அறை, கதவு, பின்வாசல் என்றே இருந்தவளுக்கு மேடையிலிருந்து கீழே பார்ப்பது புதுசு. அவள் கண் ஒவ்வொரு வரிசையாகப் போனது. என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் என்னைக் கண்டுபிடித்து, புருவத்தைத் தூக்கித் தோளைக் காட்டினாள். வந்து கழற்றிவிடு என்று அர்த்தம். நான் வாழ்த்துச் சொல்கிறவர்களோடு சேர்ந்து மேடையேறி அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். மடிப்புக்குள் கையை விட்டேன். ஊக்கு கிடைத்தது.

"பாப்பா" என்றாள் அண்ணி மெதுவாக. "ஒருத்தர்கூடக் கொசுவத்தைப் பாக்கலடி."

"என்னது?"

"ஒரு மனுஷன் கண்ணாவது கீழ போகும்னு பாத்துட்டே இருக்கேன். யாருமே பாக்கல. முந்தானையையும் பாக்கல. எல்லாரும் உன் மூஞ்சியத்தான் பாக்கறாங்க."

"பின்ன? கல்யாணத்துக்கு வந்தவங்க வேற எதைப் பாப்பாங்க?"

அண்ணி மெல்லத் திரும்பினாள். பாதத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை இந்தத் தடவை. நேராக மகள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்கற? எங்கயாவது கலைஞ்சிருக்கா?" என்று கேட்டுப் பாப்பா சிரித்தாள்.

"இல்ல" என்றாள் அண்ணி. "நீ சிரிச்சா உங்கப்பா மாதிரியே ஒரு கண்ணு மட்டும் சின்னதா மூடிக்குது. எனக்குத் தெரியவே தெரியாதுடி."

"இருபத்தேழு வருஷமா அப்படித்தாம்மா மூடிக்குது" என்றாள் பாப்பா.

நான் ஊக்கைக் கழற்றாமலேயே கையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேடையைவிட்டு இறங்கினேன்.